உள்வாடகைக்கு ஃபிளாட்: கையெழுத்துக்கு முன் எதைப் பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

மதுரை மாட்டுத்தாவணி பக்கம் ஓர் அபார்ட்மென்டில் ஃபிளாட் பார்த்திருக்கிறோம். இப்போது அங்கே குடியிருப்பவர் வேலை மாற்றலில் பெங்களூரு போகிறார். அவருடைய அக்ரிமென்ட் முடிய இன்னும் 7 மாதம் இருக்கிறதாம். "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும். என்னிடமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்" என்கிறார். வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. புதிதாக 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார். நம்பிக் கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், கே.கே. நகர்

இப்போதைக்குப் போடாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள், "டோக்கன் அட்வான்ஸ்" என்று கேட்டாலும் சரி. அவர் சொல்வது அத்தனையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இப்படி வாடகைதாரரே இன்னொருவருக்கு விடும் உள்வாடகை செல்லுமா செல்லாதா என்பது ஓனருக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்தது அல்ல. அவர் முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதித்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் பழைய 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம், 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-வது பிரிவு, உரிமையாளரின் எழுத்துபூர்வமான முன் சம்மதம் இல்லாமல் வீட்டை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. மீறி விட்டால், 21-வது பிரிவின்படி அதுவே வீட்டைக் காலி செய்யக் கோருவதற்குப் போதுமான காரணம். அப்படி அசல் வாடகைதாரர் மீது காலி செய்யும் உத்தரவு வந்தால், அவர் மூலம் உள்ளே வந்தவரையும் அது கட்டுப்படுத்தும். வழக்கில் உங்களைச் சேர்க்கவே இல்லை என்றாலும் நீங்கள் வெளியேற வேண்டியதுதான். கொடுத்த 60,000 ரூபாயை ஓனரிடம் கேட்கவும் முடியாது. வாங்கியவர் அவர் இல்லையே. வாங்கியவரோ அப்போது பெங்களூருவில் இருப்பார்.

முதலில் அவருடைய அக்ரிமென்ட்டை முழுவதுமாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால் போதாது. "உள்வாடகைக்கோ மேல்வாடகைக்கோ விடக் கூடாது" என்ற வரி அச்சடித்த படிவங்களில் பெரும்பாலும் நடுப்பக்கத்தில்தான் இருக்கும். அடுத்து அக்ரிமென்ட் முடியும் தேதியைப் பாருங்கள். அவருக்கு மிச்சம் 7 மாதம்தான் என்றால் உங்களுக்கு 11 மாதம் எழுதித் தர அவருக்கு உரிமை இல்லை. கூடுதல் 4 மாதத்தை ஓனர்தான் தர முடியும். அவர் 11 மாதம் என்று பேசுவதே, அவருக்கு விவரம் தெரியவில்லை அல்லது விஷயத்தை மறைக்கிறார் என்பதற்கு அடையாளம்.

அந்த அக்ரிமென்ட் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலரை இதற்கென ஆட்சியர் நியமித்திருப்பார். 11 மாதம் என்று எழுதினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை என்பது சரிதான். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் அங்கே பதிவு கட்டாயம். ஆனால் வாடகை அதிகாரியிடம் பதிவது தனிக் கடமை, 11 மாத அக்ரிமென்ட்டுக்கும் அது உண்டு. பதிந்தால் ஓர் எண் கிடைக்கும், அதை வாங்கி வையுங்கள். நோட்டரி முத்திரை வைத்தாயிற்று, அதனால் பதிவாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பதிவு அல்ல.

அடுத்தது, ஓனர் உண்மையில் யார் என்பது. இதைக் குடியிருப்பவர் வாயால் கேட்பதில் பயன் இல்லை. மூன்று இடத்தில் நீங்களே பார்க்கலாம். மாநகராட்சி சொத்து வரி ரசீதில் வரிவிதிப்பு எண் இருக்கும், அதை வைத்து இணையத்தில் பெயரையும் பாக்கியையும் பார்த்துவிடலாம். இ.பி. கார்டில் உள்ள பெயரும் உதவும். ஆனால் விற்ற பிறகும் பழைய ஓனர் பெயரிலேயே மின் இணைப்பு ஓடுவது சாதாரணம், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மூன்றாவதும் முக்கியமானதும் வில்லங்கச் சான்று. பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அபார்ட்மென்ட் என்றால் சர்வே எண் போட்டுத் தேடினால் எல்லா ஃபிளாட்டின் பதிவுகளும் கலந்து வந்து குழப்பும். கிரயப் பத்திர எண்ணும் ஆண்டும் சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்தால் ஆவணம் வாரியாகத் தேடுங்கள், நேராக அந்த ஃபிளாட் வரும். அதில் "உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு" என்று பதிவு இருந்தால் வங்கிக் கடன் இருக்கிறது என்று பொருள். கடன் இருப்பதே தவறில்லை. தவணை ஒழுங்காகப் போகிறதா என்று ஓனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓனருடைய ஃபோன் எண்ணைக் குடியிருப்பவரிடம் வாங்காமல் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடம் வாங்குங்கள். ஓனர் என்று சொல்லி வேறு யாரையாவது பேசவைப்பது புதிய தந்திரம் அல்ல. அப்படியே பராமரிப்புக் கட்டணப் பாக்கி எவ்வளவு, கோடையில் லாரித் தண்ணீர் செலவை எப்படிப் பிரிக்கிறார்கள், கார் நிறுத்தும் இடம் அந்த ஃபிளாட்டுக்கு உண்டா என்பதையும் அவரிடமே விசாரித்துவிடலாம்.

ஓனர் வெளிநாட்டில் இருப்பதால், இங்கே அவருக்குப் பவர் ஏஜென்ட் இருந்தால் பவர் பத்திரத்தின் நகலைப் பாருங்கள். "வாடகைக்கு விடவும் வாடகை வசூலிக்கவும்" அதிகாரம் அதில் எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால் இந்தியத் தூதரகச் சான்றும், இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திய குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அன்றே முடிந்துவிடும். அதனால் ஓனரிடம் ஒருமுறை வீடியோவில் நேரடியாகப் பேசிவிடுவதே நல்லது.

சம்மதக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? ஃபிளாட் எண், கதவு எண், அசல் வாடகைதாரர் பெயர், உங்கள் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது. இவற்றோடு இன்னொரு வரி இருக்க வேண்டும். அது இல்லாத கடிதத்தை நாங்கள் பாதிக் கடிதம் என்றுதான் சொல்வோம்: "அசல் வாடகைதாரரின் வாடகை உரிமை எக்காரணத்தாலும் முன்கூட்டியே முடிந்தால், மீதிக் காலத்துக்கு உள்வாடகைதாரரை நேரடி வாடகைதாரராக ஏற்றுக்கொள்கிறேன்." இதை அசல் அக்ரிமென்ட்டின் துணை ஒப்பந்தமாக எழுதி, மூவரும் கையெழுத்திட்டு, நகலை வாடகை அதிகாரிக்கும் கொடுத்துவிடுங்கள். தேதி முக்கியம். நீங்கள் குடியேறிய பிறகு வாங்கும் சம்மதம் முன் சம்மதம் ஆகாது.

கடைசி மூன்று மாத வாடகையை அவர் ஓனருக்கு அனுப்பிய வங்கி விவரத்தையும் கேளுங்கள். உங்களிடம் மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டு ஓனருக்குக் கட்டாமல் விடுவதுதான் உள்வாடகையில் அதிகம் நடக்கும் கோளாறு. இரண்டு மாத வாடகை நிலுவையும் காலி செய்யக் கோரக் காரணமாகும் என்பதால் இதில் முழு நஷ்டம் உங்களுக்கு. வாடகையை நேராக ஓனர் கணக்குக்கே அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. அட்வான்ஸைப் பொறுத்தவரை, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் கணக்கில் அது 36,000. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

இத்தனைக்கும் பதிலாக ஒரே சுலப வழியும் இருக்கிறது. அவர் ஓனரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும், நீங்கள் ஓனரிடமே புது அக்ரிமென்ட் போடுங்கள். முழு ஃபிளாட்டையும் எடுப்பவர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குடியிருப்பவர் இதற்கு மட்டும் பிடிகொடுக்காமல் நழுவினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

வில்லாபுரத்தில் ஒருவர் 6 லட்சம் ரூபாய்க்கு ஒத்திக்குப் பிடித்த வீட்டை எங்களுக்கு மாத வாடகைக்கு விடுகிறார். "ஒத்திக்காரனுக்கு வாடகைக்கு விட உரிமை உண்டு" என்கிறார். உண்மையா?
– வாசகி, அவனியாபுரம்

ஒத்தி முறையாக எழுதப்பட்டிருந்தால் உண்மை. ஒத்தி என்பது சுவாதீனத்தோடு கூடிய அடைமானம், அதாவது கடனுக்கு ஈடாக வீட்டையே கையில் ஒப்படைப்பது. அதில் வீட்டின் வாடகை வருமானத்தை அனுபவிக்கும் உரிமை பணம் கொடுத்தவருக்கு வந்துவிடும். ஆனால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட அப்படிப்பட்ட அடைமானம் சார்பதிவாளரிடம் பதிவான பத்திரமாக இருக்க வேண்டும். மதுரையில் ஒத்திப் பத்திரங்களில் மிகப் பல வெறும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. அவற்றைச் சட்டம் அடைமானமாக ஏற்காது. பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அந்த நிலையில் அவரும் ஓனர் சம்மதம் இல்லாமல் உங்களை உள்ளே விட முடியாது.

பதிவான ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். அதில் இல்லையென்றால் மேலே சொன்ன சம்மதக் கடிதத்தை ஓனரிடம் வாங்குங்கள். இருந்தால் பத்திரத்தில் இரண்டு இடத்தைப் படியுங்கள்: வேறொருவரைக் குடிவைக்கத் தடை எழுதியிருக்கிறதா, ஒத்திக் கெடு என்றைக்கு முடிகிறது. ஓனர் 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஒத்திக்காரர் வீட்டை ஒப்படைக்க வேண்டும், நீங்களும் கிளம்ப வேண்டும். கெடு நான்கு மாதத்தில் முடிகிறது என்றால் பிள்ளைகளின் பள்ளியை நம்பி அங்கே குடிபோகாதீர்கள்.

ஒத்திக்கு முன்பே வங்கிக் கடன் ஏறியிருக்கிறதா என்பதையும் அதே சான்றில் பாருங்கள். தவணை தவறி வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்போது, பின்னால் வந்த ஒத்திக்காரரும் அவருக்குப் பின்னால் வந்த வாடகைக்காரரும் நிற்க இடமிருக்காது.

ஓனர் வாட்ஸ்அப்பில் "ஓகே, நோ ப்ராப்ளம்" என்று போட்டிருக்கிறார். இது எழுத்து மூலம் சம்மதம் ஆகாதா?
– வாசகர், பழங்காநத்தம்

எதற்கு ஓகே என்பது அந்தச் செய்தியில் இல்லை. நண்பர் சில நாள் தங்குவதற்குச் சொன்னேன் என்று அவர் பின்னால் சொல்லலாம். செய்தியை அழிக்காமல் வையுங்கள், உதவிக்கு வரும். ஆனால் அதை வைத்துக்கொண்டு குடியேறாதீர்கள். விவரங்களோடு கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து அனுப்புங்கள். அவர் அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பட்டும், அசல் தபாலில் பின்னால் வரட்டும்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய (முன்பு குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பில் வாடகை மிகக் குறைவு. ஒதுக்கீடு பெற்றவரே எழுதித் தருகிறார். எடுக்கலாமா? கோயில் அடிமனையில் உள்ள வீடு என்றால்?
– வாசகர், ராஜாக்கூர்

வாரியம் ஏழைக் குடும்பங்களுக்கு ஒதுக்கிய வீட்டை வேண்டாம் என்றே சொல்வோம். அது ஒதுக்கீட்டாளர் தாமே குடியிருக்கக் கொடுக்கப்பட்டது. வாடகைக்கு விட்டது ஆய்வில் தெரிந்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம். அந்த வீட்டுக்காக இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். கிரயப் பத்திரம் முடிந்து முழு உரிமை வந்த வாரிய வீடு என்றால் கதை வேறு, பத்திரத்தைப் பார்த்துவிட்டு எடுக்கலாம்.

அடிமனையில் நிலம் கோயிலுடையது. வீட்டுக்காரரே அங்கே ஒரு வகையில் வாடகைதாரர்தான். அவர் பெயரில் கோயில் அலுவலகம் கொடுத்த நடப்பு ரசீது இருக்கிறதா, பாக்கி இல்லையா, மற்றவருக்கு விட அனுமதி உண்டா என்று செயல் அலுவலர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

மகள் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஒரு பெண்மணி மூன்று படுக்கையறை ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, அறைக்கு இரண்டு பெண்கள் என்று விடுகிறார். அக்ரிமென்ட் இல்லை, மாதா மாதம் பணம். சரியா?
– தாய் ஒருவர், உசிலம்பட்டி

தோழிகள் சேர்ந்து வீடு எடுத்து அக்ரிமென்ட்டில் அனைவர் பெயரும் இருந்தால் அது உள்வாடகையே அல்ல. இவர் செய்வது வேறு, பெண்கள் விடுதி நடத்துவது. அதற்கு மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். ஓனர் சம்மதம் மட்டும் போதாது. 2024 செப்டம்பரில் கட்ராபாளையம் மகளிர் விடுதித் தீ விபத்தில் உயிர்கள் போனதை மதுரை மறந்திருக்காது. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளியேற இரண்டாவது வழி, தீயணைப்புக் கருவி, ஜன்னல் கம்பி திறக்குமா என்பதை நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். பெண் தங்கும் இடம், கூச்சப்பட வேண்டாம்.

மின் கட்டணத்தையும் கேளுங்கள். ஆறு பேருக்கு ஒரே மீட்டர் என்றால் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். தலைக்கு எப்படிப் பிரிக்கிறார் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

சம்மதம் எதுவும் பார்க்காமல் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஓனர் நேரில் வந்து ஒரு வாரத்தில் காலி செய் என்கிறார். அட்வான்ஸ் வாங்கியவர் ஃபோனை எடுப்பதில்லை.
– வாசகர், ஆனையூர்

ஓனர் தாமாகப் பூட்டுப் போடவோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவோ கூடாது. வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆனாலும் சம்மதம் இல்லாத உள்வாடகை என்பதால் வழக்கு நடந்தால் உங்கள் பக்கம் பலம் குறைவு. சண்டை போடாமல் அவரிடம், இன்றைய தேதியிலிருந்து நேரடி அக்ரிமென்ட் போட்டுத் தருமாறு கேளுங்கள். வாடகை ஒழுங்காக வரும் என்றால் பல ஓனர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு மாத அவகாசமாவது எழுதி வாங்குங்கள்.

அட்வான்ஸுக்கு, வாங்கியவரின் நிரந்தர முகவரிக்கு வக்கீல் நோட்டீஸை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பணம் திரும்பப் பெறும் வழக்குக்கு மூன்று ஆண்டு வரை காலம் உண்டு, தள்ளிப்போடாதீர்கள். தாமே ஓனர் என்று சொல்லியோ, ஓனர் சம்மதித்ததாகப் பொய் சொல்லியோ வாங்கியிருந்தால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். யு.பி.ஐ. பரிமாற்ற விவரம், அவர் பேசிய செய்திகள், வீட்டைக் காட்டிய புரோக்கரின் வாக்குமூலம் மூன்றையும் புகாரோடு சேருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், அதே நாளில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த பதிவையும், கொடுத்தபோது உடனிருந்தவரின் பெயரையும் சேருங்கள்.