கீறல் இல்லை, ஆனால் பாதித் திரை உறைந்துவிட்டது: இ-ரீடரை ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?

கேள்வி: என் 6 அங்குல இ-ரீடரை (மின்புத்தகம் படிக்கும் சாதனம்) பையில் வைத்து எடுத்துப்போனேன். வெளியே எடுத்தபோது மேல்பாதியில் ஸ்க்ரீன்சேவர் படம் அப்படியே நிற்கிறது, நடுவே கோடுகள். கீழ்ப்பாதியில் மட்டும் பக்கம் திரும்புகிறது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. வாரண்டி முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. கடையில் டிஸ்ப்ளே மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். மாற்றலாமா, புதிதே வாங்கிவிடலாமா? அடிக்கோடிட்ட குறிப்புகள் நிறைய உள்ளே இருக்கின்றன.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பேனல், அதாவது படத்தைக் காட்டும் உள்திரை, உடைந்துவிட்டது. கீறல் இல்லாமல் எப்படி உடையும் என்று கேட்பீர்கள். நீங்கள் தொடும் மேல்பரப்பு பெரும்பாலும் வலுவான பிளாஸ்டிக் அல்லது தனிக் கண்ணாடி. அதற்குக் கீழே தொடுதிரை அடுக்கு, வெளிச்சத்தைப் பரப்பும் படலம், அதற்கும் கீழே கறுப்பு வெள்ளைத் துகள்கள் மிதக்கும் இ-இங்க் படலம் என்று வரிசையாக இருக்கும். அந்த மைப் படலத்துக்கு அடியில்தான் டிரான்சிஸ்டர்கள் பதித்த மெல்லிய கண்ணாடி இருக்கிறது, பையில் சாவியோ சார்ஜரோ அழுத்தினால் முதலில் விரிசல் விடுவது அதுதான். மேலே ஒன்றும் தெரியாது. இ-இங்குக்குப் படத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், இருக்கும் படத்தை வைத்துக்கொள்ள வேண்டாம், அதனால் எந்த இடத்தில் கம்பிகள் அறுந்தனவோ அங்கே கடைசியாக வந்த படம் பேட்டரி தீர்ந்தாலும் அப்படியே நிற்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். பவர் பட்டனை 40 விநாடி வரை விடாமல் அழுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். முழுத் திரையும் ஒருமுறை கறுத்து வெளுத்து வந்தால் அது மென்பொருள் கோளாறு, தப்பித்தீர்கள். அதே இடம், அதே விளிம்பில் மறுபடியும் அசையாமல் நின்றால் பேனல்தான். அதற்குமேல் ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதில் பயனில்லை. குறிப்பாக ஃபேக்டரி ரீசெட் பக்கம் போகவே போகாதீர்கள், உடைந்த கண்ணாடியை அது ஒட்டவைக்காது, உங்கள் குறிப்புகளை மட்டும் அழித்துவிடும்.

அந்தக் குறிப்புகள்தான் இப்போது முதல் வேலை, ரிப்பேர் பற்றி அப்புறம் யோசிக்கலாம். திரை போனாலும் உள்ளே இருக்கும் போர்டும் நினைவகமும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். வைஃபையில் இணைத்து உங்கள் இணையக் கணக்கோடு சின்க் ஆகவிடுங்கள், தயாரிப்பாளரின் இணையக் கடையில் வாங்கிய புத்தகங்களின் அடிக்கோடுகள் அநேகமாகக் கணக்கில் ஏறிவிடும். யுஎஸ்பி வழியே நீங்களே போட்ட புத்தகங்களின் குறிப்புகள் அப்படி ஏறாது, அவற்றைக் கேபிள் செருகித்தான் எடுக்க வேண்டும். உங்களுடையது அமேசானின் கிண்டில் என்றால் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற சாதாரண உரைக் கோப்பு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும், அதை நகலெடுத்தால் போதும். இன்னொரு பிராண்டான கோபோவில் மறைந்திருக்கும் 'கோபோ' ஃபோல்டருக்குள் ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கும், ஃபோல்டரையே மொத்தமாக எடுத்துவையுங்கள். ஒரு சிக்கல் வரலாம்: கிண்டிலில் பாஸ்கோட் போட்டிருந்தால் அதைத் திறந்தால்தான் கணினிக்குக் கோப்புகள் தெரியும், கோபோவோ கேபிள் செருகியதும் இணைக்கவா என்று திரையில் கேட்கும். தொடுதிரை தனி அடுக்கு என்பதால் உறைந்த பகுதியிலும் விரல் பட்டால் வேலை செய்ய வாய்ப்பு உண்டு, பட்டன் இருக்கும் இடத்தை ஊகித்துத் தொட்டுப் பாருங்கள்.

சரி, டிஸ்ப்ளே மாற்றும் யோசனைக்கு வருவோம். பொதுவாக எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சாதனத்தின் விலையில் பெரும்பங்கு அந்தப் பேனல்தான். அதோடு பல மாடல்களில் பேனல், வெளிச்சப் படலம், தொடுதிரை மூன்றையும் பசையால் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள், பேனலை மட்டும் பிரித்து மாற்றப்போனால் தூசியும் காற்றுக்குமிழும் உள்ளே மாட்டிக்கொள்ளும், இரவில் சாதனத்தின் விளக்கைப் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். எனவே கடைக்காரரிடம் வெறும் பேனலா, மூன்றும் சேர்ந்த முழுத் தொகுப்பா என்று முதலில் கேளுங்கள். புதியதா, வேறு சாதனத்திலிருந்து கழற்றியதா என்றும் கேளுங்கள். பேனலின் பின்புறத்திலோ அதன் ரிப்பன் கேபிளிலோ மாடல் எண் அச்சிட்டிருக்கும், புதிய பேனலும் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், அளவு ஒன்றாக இருப்பது போதாது. இன்னொன்று, இதைப் பல கடைகள் கண்டுகொள்வதே இல்லை: ஒவ்வொரு இ-இங்க் பேனலுக்கும் வி-காம் என்று ஒரு மின்னழுத்த அளவு உண்டு, தொழிற்சாலையில் அளந்து பேனலிலேயே குறித்திருப்பார்கள். அது சரியாக அமையாவிட்டால் எழுத்து வெளிறிப்போகும், முந்தைய பக்கத்தின் நிழல் போகாமல் நிற்கும். வி-காம் என்றதும் கடைக்காரர் விழித்தால் கொடுக்காமல் திரும்பிவிடுவதே நல்லது. உங்களுடையது நீர்புகாத மாடல் என்றால், ஒருமுறை திறந்த பிறகு அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விதிவிலக்கு இருக்கிறது. 2024இல் வந்த கோபோ கிளாரா கலர், கிளாரா பிளாக் அண்ட் வொயிட், லிப்ரா கலர் மூன்றையும் ரிப்பேருக்கு ஏற்றபடியே வடிவமைத்து, ரிப்பேர் வழிகாட்டிகள் தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து உதிரிபாகங்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அந்த வகை என்றால் உதிரிபாகத்தின் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். என் அளவுகோல் இதுதான்: மொத்தச் செலவு அதே சாதனத்தின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

பணம் செலவழிக்கும் முன் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். வாரண்டி முடிந்துவிட்டது, அழுத்தத்தால் உடைந்ததை வாரண்டியும் பொதுவாக ஏற்காது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் புதிய சாதனத்துக்குத் தள்ளுபடியோ, புதுப்பித்த சாதனத்தைக் குறைந்த விலையிலோ தருவது உண்டு, கேட்காதவர்களுக்கு அது கிடைப்பதில்லை. சீரியல் எண், வாங்கிய தேதி, திரையின் படம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: பையிலிருந்து எடுத்தேன், இப்படி இருந்தது. பொய் வேண்டாம், அதே சமயம் 'ஒருவேளை மேலே உட்கார்ந்திருப்பேனோ' என்று நீங்களாக ஊகித்துச் சொல்லவும் வேண்டாம். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் அதில் கூடுதல் வாரண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள், சில கார்டுகளில் உண்டு, பலருக்கும் நினைவில் இருப்பதில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் சரிசெய்யக்கூடியவற்றைத்தான் நிறையப் பேர் தூக்கிப்போடுகிறார்கள். உயிரே இல்லாமல் கிடக்கும் சாதனம் பெரும்பாலும் பேட்டரி அடிமட்டம்வரை இறங்கியதுதான், சில மணி நேரம் சார்ஜில் விட்டுப் பாருங்கள். டைப்-சி மாடல் என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், சில சாதனங்கள் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாது, ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பியாக இருந்தால் ஏறும். சார்ஜ் சீக்கிரம் தீர்ந்தால் பேட்டரி மாற்றுவது தாராளமாகச் செய்யக்கூடிய ரிப்பேர். பின்பக்கம் புடைத்திருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், நெம்பாதீர்கள். தொடாமலே பக்கம் தானாகத் திரும்புகிறதா? பழைய மாடல்களில் தொடுதலைக் கண்டுபிடிப்பது விளிம்பில் ஓடும் அகச்சிவப்புக் கதிர்தான், மூலையில் ஒட்டிய தூசி போதும், மென்மையான துணியால் விளிம்பைத் துடைத்தாலே சரியாகும். பழைய கோபோக்கள் பலவற்றில் நினைவகமே உள்ளே செருகிய மைக்ரோ எஸ்டி கார்டுதான், அது கெட்டால் சாதனம் செத்ததுபோல இருக்கும், கார்டு படிக்கக்கூடிய நிலையில் இருந்தால் புதிய கார்டில் பிரதியெடுத்துப் பிழைக்கவைக்கலாம்.

உங்கள் விஷயத்தில் நான் டிஸ்ப்ளேயை அல்ல, சாதனத்தையே மாற்றிவிடுவேன். வேறு பிராண்டுக்குத் தாவும் முன் மட்டும் யோசியுங்கள்: ஒரு பிராண்டின் இணையக் கடையில் டிஜிட்டல் பூட்டோடு வாங்கிய புத்தகம் இன்னொன்றின் சாதனத்தில் திறக்காது, கிண்டில் புத்தகங்களை வலைத்தளத்திலிருந்து கணினிக்கு இறக்கும் வசதியையும் 2025 பிப்ரவரி 26உடன் நிறுத்திவிட்டார்கள். பழைய சாதனம் வாங்குவதானால் விற்பவரின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதா என்று உங்கள் கண்முன்னே சரிபாருங்கள், இருட்டில் விளக்கை முழுதாக ஏற்றித் திரையைப் பாருங்கள். உங்கள் பழையதையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் வீட்டுக் குப்பையில் போடக்கூடாது. அல்லது அதே மாடலை வைத்திருக்கும் யாருக்காவது கொடுங்கள், உங்கள் போர்டும் பேட்டரியும் அவருக்கு உதிரிபாகமாக உதவும்.