தூக்க மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போகாதீர்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 76 வயது. பாம்பனில் நாட்டுப்படகுத் தொழில். அந்தியில் கடலுக்குப் போய் விடியலில் கரை திரும்பியே பழகியவர். இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியதால் ராமநாதபுரத்தில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இரவில் தூங்காமல் எழுந்து எழுந்து உட்காருகிறார். முந்தாநாள் இரவு டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டு, "வலையை இழு" என்று சத்தம் போட்டார். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பாம்பன்

பதில்: கூடாது, சகோதரி. இதய பலவீனம் உள்ளவர் எழுந்து எழுந்து உட்காருவது தூக்கமின்மையாக இல்லாமலும் இருக்கலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்துவிட்டு, உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

"வலையை இழு" என்றதை வயதானவர் பிதற்றல் என்று தள்ளிவிட வேண்டாம். முதியவருக்குத் திடீரென வரும் இந்தக் குழப்பத்தை டாக்டர்கள் டெலீரியம் என்பார்கள். நோய்த்தொற்று, ரத்தத்தில் உப்புக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், புதிய மருந்து என்று எதுவும் காரணமாகலாம். வார்டு டாக்டர் அவரை இப்போதுதான் பார்க்கிறார். முன்பு எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். "வீட்டில் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை" என்று இன்றே சொல்லுங்கள்.

அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்கம் தரும் மாத்திரைகள் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சளிக்குத் தருகிற, தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளும் முதியவருக்கு ஆகாது. குழப்பம் கூடும், இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். ஆனால் பல வருடமாகத் தூக்க மாத்திரை சாப்பிட்டுவந்தவர் என்றால் அதையும் மறைக்காதீர்கள். சட்டென்று நிறுத்தினாலும் இதே குழப்பம் வரும்.

நீர் பிரியும் மாத்திரையின் இரண்டாவது வேளை மாலையில் என்றால், பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவர் ராத்தொழில் செய்தவர் என்பதையும் சொல்லிவையுங்கள். ஆயுள் முழுக்க இரவில் விழித்த உடம்பு வார்டு நேரத்துக்கு உடனே பழகாது.

பகலில் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார வையுங்கள். மூக்குக் கண்ணாடி, காது கருவி இருந்தால் வீட்டில் பூட்டி வைக்காமல் எடுத்து வாருங்கள். டாக்டர் அனுமதித்தால் கையைப் பிடித்து நாலடி நடக்க வையுங்கள். மதியத்துக்குப் பிறகு டீ வேண்டாம். ஊர் மொத்தமும் வேன் பிடித்துப் பார்க்க வருவது பாசம்தான். வாசலிலேயே இரண்டு பேராகப் பிரித்து அனுப்புங்கள். இரவுத் துணைக்கு முடிந்தவரை ஒரே ஆள் இருக்கட்டும், அவருடைய செல்போன் சத்தமில்லாமல் இருக்கட்டும். (வார்டில் நள்ளிரவுச் சத்தத்தில் பாதி, துணைக்கு வந்தவர்கள் பார்க்கும் வீடியோதான்!)

டாக்டரே தூக்க மாத்திரை தொடங்கியிருந்தால், வீட்டுக்குப் புறப்படும் நாளில் அது எத்தனை நாளுக்கு என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.