நாலரை வயதுக் குழந்தைக்குக் கூட்டலை விளையாட்டாக எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்?

உங்கள் மகள் இருபது வரை தடையில்லாமல் எண்ணுகிறாள், ஆனால் 2 + 3 என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். விரல் மடக்கி எண்ண விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பல ஆண்டுகளாக ஒன்றாம் வகுப்பு எடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தக் கூட்டல் குறியையும் 'கூட்டு' என்ற சொல்லையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஏன் என்பதை ஒரு குழந்தைதான் எனக்குக் காட்டினாள். இரண்டு குவியல் விதைகளை அவள் முன் வைத்து, "இதையும் அதையும் கூட்டு, கண்ணு" என்றேன். அவள் எழுந்து போய் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து வந்தாள். அவள் வீட்டில் கூட்டுவது என்றால் வாசல் கூட்டுவதுதான். வெளியே விளையாடும் மலையாளப் பிள்ளைகளுக்கோ கூட்டு என்றால் தோழமை. யோசித்துப் பார்த்தால், அவள் கொண்டு வந்தது தவறான பொருளே இல்லை. அன்று முதல் வேப்பமரத்தடியில் இரண்டு இடத்தில் கிடக்கும் இலைகளை ஒரே குவியலாகத் தள்ளச் சொல்லித்தான் கூட்டலை ஆரம்பிக்கிறேன். தனித்தனியாக இருந்தவை ஓரிடத்தில் சேர்ந்தன, எதுவும் குறையவில்லை என்பதைக் கை உணர்ந்துவிட்டால் மீதி எளிது.

அடுத்தது புளியங்கொட்டை. ஐந்து கொட்டைகளை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். தாயக்கட்டை இல்லாத வீடுகளில் தாயம் ஆட இப்படித்தான் செய்வார்கள். குழந்தை குலுக்கிப் போடட்டும். இரண்டு வெள்ளை, மூன்று கறுப்பு விழுகிறது. மறுமுறை நான்கும் ஒன்றும். சில நேரம் ஐந்தும் கறுப்பாகவே விழும். விழுவதை அவள் வாயால் சொன்னால் போதும், நீங்கள் விடை கேட்க வேண்டாம். ஐந்து என்ற எண் எத்தனை விதமாகப் பிரிந்தாலும் ஐந்தாகவே இருப்பதும், 2 + 3, 3 + 2 இரண்டும் ஒன்றே என்பதும், சொல்லாமலே அவளுக்குப் பிடிபடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும், விளையாடி முடிந்ததும் கொட்டைகளை எண்ணிப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும்.

தாயக்கட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றிலும் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருப்பதால், இரண்டையும் உருட்டும்போதெல்லாம் ஒரு கூட்டல் நடக்கிறது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்ற விதியை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வைத்து, பூஜ்யம் என்றே சொல்லுங்கள்.

விரலைத் தாராளமாக எண்ண விடுங்கள். விரல்தான் எப்போதும் கூடவே இருக்கும் கருவி. அதைத் தடுத்தால் மேசைக்கு அடியில் மறைத்து எண்ணுவார்கள், பயமும் சேர்ந்துகொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறாள் என்பதை. தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றிலிருந்தே எண்ணுவார்கள். பெரிய எண்ணை மனதில் வைத்து அதற்கு மேலே எண்ணிப் போவது பிறகு வரும். அதற்கு நான் செய்வது இது: நான்கு விதைகளை அவள் கண் முன்னே எண்ணி ஒரு கொட்டாங்குச்சியால் மூடுவேன், வெளியே இரண்டை வைத்து மொத்தம் எத்தனை என்று கேட்பேன். குழந்தை கொட்டாங்குச்சியைத் தூக்கி எல்லாவற்றையும் மறுபடி எண்ணும். தூக்கட்டும், பல நாள் தூக்கட்டும்.

பத்தைத் தாண்டும்போது நம் மொழியே கை கொடுக்கிறது. "பத்தும் மூன்றும் எத்தனை?" என்று கேளுங்கள், பதின்மூன்று என்ற சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் மலையாளத்தில் பதிமூன்னு என்று சொன்னாலும் அதே அமைப்புதான். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று தொடங்கும் குழந்தைக்கு இந்த உதவி கிடைப்பதில்லை. அதனால் எண்களை முதலில் தமிழிலேயே பழக்குங்கள் என்று பெற்றோரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், அவள் போதும் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் அவள் கொட்டாங்குச்சியைத் தொடாமல், அதன் மேல் விரலை வைத்து "நாலு" என்று சொல்லிவிட்டு, வெளியே இருப்பதைப் பார்த்து "அஞ்சு, ஆறு" என்பாள். அன்றைக்குப் பலகையை எடுத்து 4 + 2 = 6 என்று எழுதிக் காட்டுங்கள்.