குதிரை, கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயங்களில் எதன் மேல் பணம் கட்டுவது என்று விதிகள் எழுதிய சிஸ்டத்தை வைத்து லாபம் பார்க்க முடியுமா? விலைக்கு வாங்கலாமா?

முடியும், ஆனால் அபூர்வம். விலைக்கு வருகிற சிஸ்டத்தில் அது கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. பழைய ரேஸ் முடிவுகளை எக்செல்லில் போட்டு இப்படிப்பட்ட விதிகளைச் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பிரிட்டனில் கிரேஹவுண்ட் ரேஸில் வழக்கமாக ஆறு நாய்கள் ஓடும். ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கிடைக்கும் லாப விகிதம், 2/1, 3/1, 4/1, 5/1, 8/1, 10/1 என்று வைத்துக்கொள்வோம். 2/1 என்றால் 100 கட்டி ஜெயித்தால் 200 லாபம். மூன்றில் ஒரு முறை ஜெயிக்கிற நாய்க்குத்தான் அது நியாயமான விலை (ஆட்ஸைத்தான் விலை என்கிறேன்), அதாவது 33.3%. இப்படியே ஆறு நாய்க்கும் போட்டுக் கூட்டினால் 115.2% வருகிறது. 100-க்கு மேல் இருப்பது பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் பங்கு. ஆறின் மேலும் ஆட்ஸுக்கு ஏற்றபடி பிரித்து மொத்தம் 100 கட்டினால், யார் ஜெயித்தாலும் கைக்குத் திரும்புவது சுமார் 87. உங்கள் விதி முதலில் இந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும்.

இப்போது விதிகளைப் பாருங்கள். 'போன ரேஸில் ஜெயித்திருக்க வேண்டும்', 'இதே மைதானத்தில், இதே தூரத்தில் ஜெயித்திருக்க வேண்டும்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். இதெல்லாம் ஓடுபவற்றின் விவரம் தரும் ரேஸ் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. எல்லோரும் பார்த்துத்தான் கட்டுகிறார்கள், விலையும் அதற்கேற்பக் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, திறமைக்கேற்ப எடை சுமத்தும் ஹேண்டிகேப் ரேஸில் ஜெயித்த குதிரையின் ரேட்டிங்கை (திறமை மதிப்பெண்ணை) ஏற்றி, அடுத்த முறை கூடுதல் எடையைச் சுமக்க வைக்கிறார்கள். நன்றாக ஓடும் நாயை மேல் கிரேடுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆக, விலைக்குத் தெரியாத ஏதாவது ஒன்று உங்கள் விதிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹாங்காங் குதிரைப் பந்தயங்களில் கணினி மாடல் வைத்துப் பெரும் பணம் சம்பாதித்த பில் பென்டர், 1994-இல் எழுதிய கட்டுரையில் தன் மாடலின் கணிப்பைப் பொதுமக்களின் ஆட்ஸோடு சேர்த்தே பயன்படுத்தியதாக விளக்கியிருக்கிறார். அவரே விலையை ஒதுக்கவில்லை.

'பழைய முடிவுகளில் இவ்வளவு லாபம் வந்திருக்கிறதே' என்று கேட்பீர்கள். 20 நிபந்தனைகளிலிருந்து மும்மூன்றாகத் தேர்ந்தெடுத்தால் 1,140 சிஸ்டம் கிடைக்கும். அத்தனையும் குப்பையாக இருந்தாலும் அதிர்ஷ்டத்தால் சில அட்டகாசமான லாபம் காட்டும். விற்பனைக்கு வருவது அந்தச் சில. லாபப் பட்டியலிலிருந்து 33/1, 50/1 மாதிரி பெரிய வெற்றிகள் இரண்டு மூன்றை எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள், பல நேரம் லாபம் முழுவதுமே காணாமல் போகும்.

இன்னொன்று பலர் கவனிப்பதே இல்லை. 'ஸ்டார்ட்டிங் பிரைஸ் 3/1 முதல் 5/1-க்குள் இருந்தால் மட்டும் கட்டு' என்று ஒரு விதி இருக்கும். அந்த விலை முடிவாவதே ரேஸ் கிளம்பும்போதுதான். அதற்கு முன்பே கட்ட வேண்டிய நீங்கள் அந்த விதியை எப்படிப் பின்பற்றுவீர்கள்? பழைய தரவில் ஓடும், நிஜத்தில் ஓடாது.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டும் திட்டமும் வேண்டவே வேண்டாம். மூன்றில் ஒரு முறை ஜெயிக்கிற ஃபேவரிட்டுகளையே (ஆட்ஸ் மிகக் குறைந்தவை) எடுத்துக்கொண்டாலும், எந்த எட்டு ரேஸை எடுத்தாலும் எட்டும் தோற்க 25-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 10-இல் தொடங்கியிருந்தால் அதற்குள் 2,550 போயிருக்கும், அடுத்து 2,560 கட்ட வேண்டும். தொடர்ந்து கட்டுகிறவருக்கு அந்த வரிசை சீக்கிரமே வரும். விட்ட பணத்தைப் பிடிக்கத்தான் சிஸ்டம் தேடுகிறீர்கள் என்றால், தயவுசெய்து இத்தோடு நிறுத்திவிடுங்கள்.

வெறும் ஆர்வம்தான் என்றால், சொந்தமாக விதி எழுதிச் சோதியுங்கள். பாதி வருடங்களின் தரவில் விதியை உருவாக்கி, மீதியைத் தொடாமல் வைத்திருந்து கடைசியில் ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பணம் கட்டாமல், தேர்வையும் அப்போது கிடைத்த விலையையும் மட்டும் குறித்து வாருங்கள். நீங்கள் 5/1-இல் குறித்தவை ரேஸ் கிளம்பும்போது தொடர்ந்து 4/1-இல், 7/2-இல் முடிந்தால் விதியில் ஏதோ இருக்கிறது. லாப நஷ்டத்தைவிட இது சீக்கிரம் உண்மையைச் சொல்லும்.

விற்பவரிடமும் இதையே கேளுங்கள்: அடுத்த சில மாதத் தேர்வுகளை ஒவ்வொரு ரேஸுக்கும் முன்பே, நேரம் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பழைய முடிவுகளை மட்டும் காட்டினால் வாங்காதீர்கள்.