பழைய டாடா 407 லாரியில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்பக்கம் உதறுகிறது. பின் டயர் நான்கையும் பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லை. எங்கே பார்ப்பது?

டயர் பேலன்ஸ் வரைக்கும் போய்விட்டீர்கள். அடுத்து யாராவது உங்களை, கியர் பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போவார்கள். கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்குகிற மூட்டு) மாற்று, ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங் மாற்று, ஷாஃப்டை லேத்துக்கு அனுப்பு என்பார்கள். என்னிடம் அப்படித்தான் பெரிய தொகையைக் கறந்தார்கள். நீங்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐடிஐ படித்தவர்கள், கம்பெனி சர்வீஸில் இருப்பவர்கள் யாராவது வந்து "இவனுக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பிக்க வேண்டாம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொட்டாரக்கரை என்று இறக்குகிற வண்டி என்னுடையது. 2005 மாடல் 407. ராத்திரி லோடு, காலையில் திரும்பல். வண்டி எப்போது எப்படி உதறும் என்பது அதன் சீட்டிலேயே கிடப்பவனுக்குத்தான் தெரியும். "பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கு" என்று சொல்ல வருகிறவர்கள் தவணைக்கும் ஒரு வழி சொல்லிவிட்டு வரவும்.

முதலில் உதறல் எங்கே இருக்கிறது என்று பிரித்துவிடுங்கள். ஸ்டீயரிங் கையில் ஆடினால் முன்பக்கம்: கிங் பின், டை ராடு எண்ட், முன் டயர். சீட்டும் பாடியும் ஆடி, ஸ்டீயரிங் ஏறக்குறைய சும்மா இருந்தால் பின்பக்கம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரம் வட்டம் போய்விட்டது. சமதளத்தில், ஆளில்லாத ரோட்டில் 60-ல் போகும்போது நியூட்ரலில் போட்டுப் பாருங்கள் (மலை இறக்கத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது). இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் உதறல் அப்படியே இருந்தால் இன்ஜின், கிளட்ச் பக்கம் போகவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஷாஃப்டா, வீலா என்கிற கேள்வி. இங்கேதான் ஆளை ஏமாற்றுவார்கள். ஒரு சின்னக் கணக்கு போதும். 7.50-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஆறு, ஏழு சுற்று. அது தடதடவென்று இடுப்பில் குலுக்கும். கிரவுன் விகிதத்தை (பின் ஆக்சில் பல்சக்கரங்களின் விகிதம்) பொறுத்து ஷாஃப்ட் அதைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றும். அதில் கோளாறு இருந்தால் குலுக்கலாக இராது, காலுக்கடியில் 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு வரும், கண்ணாடி நடுங்கும். ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு மாதிரி, விட்டால் ஒரு மாதிரி இருக்கும். என் வண்டியில் இருந்தது குலுக்கல். மிதித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். இதைச் சொன்னபோது அந்தப் பட்டறைக்காரர் சிரித்தார். "நீங்க காய் யாவாரத்தப் பாருங்கண்ணே" என்றார். கிராஸும் சென்டர் பேரிங்கும் மாற்றினார். உதறல் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒரு 'ர்ர்ர்' சேர்ந்துகொண்டது! ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கிற கவை) ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் ஜாயின்ட்டில் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தார். வேறு ஆளை வைத்துச் சரிசெய்தேன். ஷாஃப்டைக் கழற்றுவதென்றால் கழற்றும் முன்பே சாக்பீஸாலோ ஆணியாலோ ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. உதறல் ஒரே அளவில் இல்லை. தென்காசியில் இருந்து செங்கோட்டை வரைக்கும் நேர் ரோட்டில் அடித்துக் குலுக்கும். புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு, தென்மலை வளைவுகள் எல்லாம் இறங்கி, புனலூர் தாண்டி அதே வேகம் பிடித்தால் சில நாள் குலுக்கல் பாதியாகிவிடும், சில நாள் இரட்டிப்பாகும். லோடு அதேதான், காற்றும் அதேதான். நேர் ரோட்டில்கூட மெதுவாக ஏறி, மெதுவாக அடங்கி, மறுபடி ஏறும்.

இதற்குக் காரணம் யோசித்தால் எளிது. வளைவில் இடது வீலும் வலது வீலும் வேறு வேறு சுற்று சுற்றுகின்றன, அதற்காகத்தானே டிஃபரன்ஷியல். இரண்டு பக்கமும் ஆட்டம் இருந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் தூக்கும்போது குலுக்கல் கூடும். மாறி மாறித் தூக்கினால் குறையும். ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பொருத்தம் மாறிக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் ஒன்றுதான், அது வளைவைப் பார்த்து மாறாது. அப்படியானால் கோளாறு வீலில், அதுவும் இரண்டு பக்கமும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக என்ன நடந்தது? எஃப்சி நடந்தது, அதுதான் வண்டிக்குத் தகுதிச் சான்று!

எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. போகிறதுக்கு முன்னால் பாடியில் இருந்து ரிம் வரைக்கும் பெயின்ட். பெயின்ட் அடித்தவர் வீல்களைக் கழற்றி வரிசையாகப் படுக்கப் போட்டு, முன்னும் பின்னும் சளசளவென்று அடித்திருக்கிறார். பழைய துருவைச் சுரண்டவில்லை. பல வருஷத்துப் பெயின்ட்டின் மேல் இன்னொரு கோட்டு.

ஒற்றை வீலில் இது பெரிதாகத் தெரியாது. நம் வண்டியின் பின்பக்கம் மாதிரி பக்கத்துக்கு இரண்டாகப் பூட்டுகிற இரட்டை வீலில், ஹப்பின் (ஆக்சில் முனையில் வீல் பூட்டுகிற இரும்பு) முகப்பில் உள் ரிம் உட்காருகிறது, உள் ரிம்மின் மேல் வெளி ரிம் உட்காருகிறது. மூன்று இரும்பும் தட்டையாக ஒட்டினால்தான் வீல் நேராக நிற்கும். நடுவில் ஒரு பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் துருவோ பெயின்ட்டோ மாட்டினால், ரிம்மின் நடுவில் அது ஒன்றுமில்லை. டயரின் ஓரத்துக்கு வரும்போது ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும். வெளி வீலுக்கு இரண்டு இடத்துக் கோணலும் சேரும். பேலன்ஸ் மெஷினில் ரிம்மைத் தனியாக மாட்டித்தானே சுற்றுகிறார்கள்? அங்கே எல்லாம் சரியாகத்தான் காட்டும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

புனலூரில் ஒரு டயர் கடை சேட்டனிடம்தான் முதலில் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ரெண்டு ரிம்மும் அழிச்சு நோக்கியோ?" (கழற்றிப் பார்த்தீர்களா) என்று மட்டும் கேட்டார். பின் ஆக்சிலை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, முன் வீலுக்குக் கல் வைத்தோம். ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி, அதன் நுனியை ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றினார். ரிம்முக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி கூடிக் குறைந்தது. வலது பக்கம் கண்ணுக்கே தெரிந்தது. ரிம் நேராகச் சுற்றி டயர் மட்டும் ஆடினால் டயர் வீங்கியிருக்கும், இல்லையென்றால் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்காது. ரிம்மே ஆடினால் ரிம் கோணல், அல்லது முகப்பு. கழற்றினோம். ஹப்பின் முகப்பில் பெயின்ட் பாளம் பாளமாக, பாதி உரிந்தும் பாதி ஒட்டியும், நட்டுக் குழிக்குள் மொத்தையாக. சேட்டன் அதை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார்.

வயர் பிரஷ், எமரி, அவ்வளவுதான் மருந்து. முகப்பு மூன்றையும், நட்டு உட்காரும் குழிகளையும் வெறும் இரும்பு தெரியத் தேய்க்க வேண்டும். குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம்மைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாசம் வேண்டாம். மாட்டும்போது வீல் தரையில் படாமல், எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்க வேண்டும். பெயின்ட் நடுவில் இருந்தால் நசுங்க நசுங்க நட்டு தளரும். உதறலைவிட அதுதான் எனக்குப் பயம். லோடோடு தென்மலை இறக்கத்தில் வீல் கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு மதியமே காலி கிரேட்டோடு திரும்பினேன். 60, 65 பிடித்தேன், வண்டி சும்மா போனது. அந்தச் சந்தோஷம் எல்லைச் சோதனைச்சாவடி வரைக்கும்தான். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்களே, பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித் திருப்பி எடுத்துப் போனார்களே, அதில் இருந்து காலி வண்டி என்றாலே எங்களைக் குப்பை வண்டி மாதிரிப் பார்க்கிறார்கள். தார்ப்பாயை அவிழ், கிரேட்டை இறக்கு. கொட்டினவன் யாரோ, வெயிலில் கிரேட் இறக்குகிறவன் நான். சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் போய் வருகிற காய்கறி வண்டிக்கு ஒரு அட்டையாவது கொடுக்கலாமே என்றுதான் கேட்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எழுதாமல் இருக்க முடியவில்லை.

முகப்பு சுத்தமாக இருந்தும் உதறினால் ஜோடி டயரின் உயரத்தை அளந்து பாருங்கள். ஒன்று ரீபட்டன் (தேய்ந்த டயரில் மேல் ரப்பர் புதிதாக ஒட்டியது), ஒன்று பாதி தேய்ந்தது என்று மாட்டியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். இந்த அளவு டயரில் ஜோடிக்குள் விட்டத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியிருப்பதால், அந்த 6 மில்லிமீட்டருக்கே கிலோமீட்டருக்கு ஏழு மீட்டருக்கு மேல் ஏதோ ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டுதான் ஓடும். சின்னது உள்ளே, பெரியது வெளியே. உள் டயரில் காற்றை அளக்க முடியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், நீட்டு வால்வு கிடைக்கிறது. இரண்டு வால்வும் எதிரெதிராக வருகிற மாதிரி மாட்டினால் கை நுழையும். டயர்களுக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்தப் பக்கம் அதிகமாக ஆடுகிறது, வளைவுக்கு அப்புறம் மாறுகிறதா, கடைசியாக ரிம்முக்கு எப்போது பெயின்ட் அடித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். பெயின்ட் என்று வந்தால் கழற்றும்போது ஒரு படம் எடுத்துப் போடுங்கள், என் பட்டறைக்காரருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.