இருங்காட்டுக்கோட்டை நேர்ப்பாதையில் பாதியிலேயே லிமிட்டர்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நேர்ப்பாதை பாதி தாண்டும்போதே உங்க பைக்கில் லிமிட்டர் (இன்ஜின் சுழற்சி எல்லை மீறாம தடுக்கிற அமைப்பு) அடிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. பின் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடுற பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைங்க. முன்னாடி கை வைக்காதீங்க: உங்க 14-42 செட்டில் (முன்னாடி 14 பல், பின்னாடி 42) முன்பக்கம் ஒரு பல் கூட்டினா, பின்னாடி கிட்டத்தட்ட மூணு பல் குறைச்ச மாதிரி ஆயிடும்.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்குக்குப் போட்ட அதே செட்டிங்னு சொல்றீங்க. கோளாறு அநேகமா அதுதான். கரி டிராக் 2 கி.மீ. சொச்சம், இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ. இங்க நேர்ப்பாதைக்கு அந்த கியரிங் பத்தாது.

முதல் பிராக்டிஸில், கடைசி கியரில் லிமிட்டர் எந்த இடத்தில் அடிக்குதுன்னு குறிச்சுக்குங்க. தனியா ஓட்டும்போது பிரேக் பிடிக்கிற இடத்தில் லிமிட்டருக்கு இன்னும் 200–300 ஆர்பிஎம் மிச்சம் இருக்கணும். ரேஸ்ல முன்வண்டியோட ஸ்லிப்ஸ்ட்ரீம் (அதுக்குப் பின்னாடி காத்துத் தடை குறையுறதால கூடுற வேகம்) அந்த மிச்சத்தைத் தின்னுடும். பலர் இதைக் கணக்கில் சேர்க்கிறதே இல்லை.

பல் குறைஞ்சா செயின் தளரும். ஆக்ஸிலை (பின்சக்கர அச்சை) 3–4 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, ரெண்டு பக்கக் குறியும் ஒண்ணான்னு பாருங்க. சக்கரத்தைச் சுத்தி, செயின் அதிகம் இறுகுற இடத்தில் தளர்வை அளங்க.

மெதுவான வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் திணறினா பழைய பல்லுக்கே திரும்புங்க. ஸ்டாக் கிளாஸ்னா (கம்பெனி வண்டியை பெரிசா மாத்தாம ஓட்டுற பிரிவு) ஸ்பிராக்கெட் மாத்த அனுமதி உண்டான்னு விதிப்புத்தகத்தை முதல்லயே பாத்துடுங்க.