பட்டறைப் பதில்கள்: டெயில் லைட்டுக்குக் கறுப்பு அடிக்கலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு பழைய ஸ்விஃப்ட் இருக்கிறது. டெயில் லைட்டுக்கு ஸ்மோக் கலர் ஸ்பிரேயை நானே வீட்டில் அடிக்கப் போகிறேன். திட்டு விழாமல் அடிப்பது எப்படிங்கண்ணா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: அடிப்பது பெரிய வித்தை இல்லை தம்பி. விளக்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) மேல் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் கேனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, லேசு லேசாக அடிக்க வேண்டும். விளக்குக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அந்தப் பக்கம் வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். கை நடுவில் நின்றால் அங்கேதான் திட்டு. ஆடி மாதத்தில் மட்டும் வாசலில் வைத்து அடிக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தோட்டத்து மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஈரப் பெயின்ட்டில் அப்பிவிடும்.

எங்கே அடிக்கப் போகிறீர்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு கம்பி. இரவில் எரிவது 5 வாட், பிரேக்கை மிதித்தால் 21 வாட். மேலே கறுப்பு ஏறினால் மத்தியான வெயிலில் அந்த 21 வாட் எடுபடாது. அவினாசி ரோட்டில் உங்களை ஒட்டிக்கொண்டே வருகிற டவுன் பஸ்காரருக்கு நீங்கள் பிரேக் பிடித்தது எப்படித் தெரியும்?

ரிஃப்ளெக்டர் கதை இன்னும் மோசம். பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் பூச்சைத் தாண்டி உள்ளே போய், ரிஃப்ளெக்டரில் பட்டு, அதே பூச்சைத் தாண்டித் திரும்ப வேண்டும். பாதி வெளிச்சத்தை விடுகிற பூச்சு என்றால் திரும்பி வருவது கால்வாசிதான். ராத்திரி சங்ககிரிப் பக்கம் பேட்டரி இறங்கி வண்டி ஓரமாக நின்றுவிட்டால், பின்னால் வருகிற லாரிக்கு உங்களைக் காட்ட அது ஒன்றுதான் மிச்சம்.

சட்டமும் சும்மா விடாது. பின்விளக்கின் சிவப்பு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. விதிக்கு மாறாக வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

அதனால் எரிகிற பகுதி, ரிஃப்ளெக்டர் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிட்டு, விளிம்புக்கு மட்டும் அடியுங்கள். முழுக் கறுப்புதான் வேண்டும் என்றால் கோவை உக்கடத்துப் பழைய பொருள் கடையில் விளக்கு ஜோடி ஒன்றை வாங்கி அடித்து, வீட்டு அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்!

கேள்வி: நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் டெயில் லைட் முழுக்கக் கறுப்பு. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?
- ஒரு வாசகி, கோபி

பதில்: வேண்டாம்மா. பெரும்பாலும் அந்தக் கண்ணாடி அக்ரிலிக் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும், பெட்ரோலும் அப்படித்தான். 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்புறம் 1500, 2000 என்று போய், கடைசியில் பாலிஷ் போடுங்கள்.